கேட்கவில்லை என்றால் கையை மூடவும்

என் வேலையை இப்போது ஒரு கைப்பேசிச் செயலி பார்க்கிறது. என்னைவிட இளமையானது. விடுப்பு கேட்பதில்லை, டீ குடிக்கப் போனால் திரும்பிவர மறப்பதில்லை. மாணவர் அதன் முன்னால் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறார். திரையில் பச்சை டிக் விழுகிறது. இன்னும் நன்றாகச் சொன்னால் வண்ணக் காகிதங்கள் பறக்கின்றன. போன மாதம் பயிற்சி மையத்துக்குப் போயிருந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் அதன் முன் ஒருமுறை இருமிப் பார்த்தேன். பச்சை விழுந்தது.

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று உறவினர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் யாரும் ஆசைப்பட்டு ஓய்வு பெறுவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். மரியாதைக்காக மேலே கேட்பதில்லை.

அன்று மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டார். "இந்த ஆப் வர்றதுக்கு முன்னாடி உச்சரிப்புக்கு எப்டி சார் மார்க் போட்டீங்க?"

"கையை வச்சித்தாம்மா."

"அடிச்சா சார்?"

அடிக்கவில்லை என்பதை விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அவருக்கு வகுப்பு மணி அடித்துவிட்டது. விளக்கத்தின் மீதிதான் இது.

மையம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. ஓர் அறக்கட்டளை நடத்தியது. நர்சிங் முடித்தவர்கள், ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள், தொலைபேசியில் பேசுகிற வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். தியாகதுருகத்திலிருந்தும் சின்னசேலம் பக்கமிருந்தும் வருகிறவர்கள் பாதி. கச்சிராயபாளையம் வழியாக மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மீதி. மலைப் பேருந்து தாமதமானால் வகுப்பில் பாதி நாற்காலி காலி. கீழேயிருந்து யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த ஒரு வாடை எப்போதும் மேலே ஏறி வரும். எங்களிடம் படித்தவர்கள் பெங்களூரில் எங்காவது அந்த வாடையை முகர்ந்தால் இன்றைக்கும் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் கொண்டுபோவார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலை ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒன்றைப்போல ஒன்று ஒலிக்கும் மெய்யெழுத்துகளைப் பிரித்துச் சொல்ல வைப்பது. குண்டூசிக்கான சொல்லும் குப்பைத் தொட்டிக்கான சொல்லும் நம் எழுத்தில் எழுதினால் 'பின்' என்று ஒன்றாகிவிடும். வாயிலும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். மரம் என்கிற ஆங்கிலச் சொல்லும் மூன்று என்கிற ஆங்கிலச் சொல்லும் எழுத்தில் பிரிந்தாலும், நாக்கு நுனி தவறினால் வாயில் அப்படித்தான். ஒல்லி, தகரம். கப்பல், உறிஞ்சுதல். இந்த ஜோடிகளோடு என் வாழ்க்கையின் நல்ல பகுதி போய்விட்டது. கல்யாண வீட்டில் யாராவது ஆங்கிலம் பேசினால் அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்குக் கேட்காது. அவர் உதடு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அழைப்பது குறைந்துவிட்டது.

வேலைக்குச் சேரப் போன நாள் நினைவிருக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. தலையணை மொத்தத்துக்கு நாவல்கள் படித்தவன். படித்ததைச் சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவன். பயிற்சிப் பொறுப்பாளராக இருந்தவர் தைரியநாதன் சார். நைனார்பாளையத்துக்காரர். ஒல்லியான ஆள், அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். என் சான்றிதழ்களை அவர் பிரித்தே பார்க்கவில்லை.

"எல்லாரும் திரும்பி உக்காருங்க" என்றார் வகுப்பைப் பார்த்து.

மாணவர்கள் எழுந்து, நாற்காலியைத் திருப்பி, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சுவரில் இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. இடப்பக்கம் ஒரு மரம். வலப்பக்கம் மூன்று கோடுகள். ஒரு பெண்ணை என் பக்கத்தில் நிறுத்தினார். அவள் கையில் ஒரு கட்டு அட்டைகள். சிலவற்றில் மரம், சிலவற்றில் மூன்று கோடுகள். சார் அந்தக் கட்டை வாங்கித் தானே கலைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இவங்க காட்ற அட்டையில இன்னா படமோ, அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க. ஒரு தடவைதான். அவங்களுக்கு மரம்னு கேட்டா ஒரு விரல் தூக்குவாங்க. மூணுன்னு கேட்டா ரெண்டு விரல். எதுன்னு தெரியலன்னா கையை மூடித் தூக்குவாங்க."

நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னேன். முதுகுகளுக்கு மேலே கைகள் எழுந்தன. பாதி விரல்கள் தவறு. மீதி மூடிய முஷ்டிகள். முதுகலைப் பட்டத்துக்கு எதிராக ஓர் ஊர்வலம் நடப்பது போல இருந்தது. முன்வரிசையில் இருந்த பெண்ணின் அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. அவள் கடைசிவரை முஷ்டியை இறக்கவே இல்லை.

சார் வருத்தப்படாத குரலில் சொன்னார். "நீங்க நெறைய படிச்சிருக்கீங்க. வாய்தான் இன்னும் படிக்கல. திங்கக்கிழமை வாங்க."

பயிற்சிக் காலத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காலண்டர் தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக் குண்டூசியைச் சொன்னேன்; தாள் ஆடவேண்டும். குப்பைத் தொட்டியைச் சொன்னேன், ஆடக்கூடாது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அதிர்கிற ஒலியையும் அதிராத ஒலியையும் மாறி மாறிச் சொன்னேன். வீட்டில் என் மனைவி எனக்குத் தொண்டை வலி என்று மிளகு ரசம் வைத்தாள். கண்ணாடி முன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று ரசம் வைப்பதை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள்.

மூடிய கைதான் தைரியநாதன் சார் சொந்தமாகக் கொண்டுவந்தது. மற்றதெல்லாம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும். ஒரு விரல், இரண்டு விரல் மட்டும் என்றால் கேட்காதவனும் எதையாவது தூக்கிவிடுவான். பாதி சரியாகவும் போய்விடும். பேசியவன் தனக்குப் பேச வந்துவிட்டது என்று நம்பி ஊருக்குப் போவான். இதை அவர் ஏற்றுக்கொள்ளவே மாட்டார். "கை மூடறது கேவலம் இல்லீங்க. கேக்காததைக் கேட்டேன்னு சொல்றதுதான் கேவலம்" என்று ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் சொல்வார். குரல் உயராது. மூடிய கை எழுந்தால் பேசியவர் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியின்போது விதி. பரீட்சையில் திரும்பச் சொல்வது கிடையாது.

திட்டவே மாட்டார். தவறாகச் சொன்னால் "ம்" என்பார். இன்னும் மோசமாகச் சொன்னால் ஜன்னல் வழியாக உரமூட்டை ஏற்றுவதைப் பார்ப்பார். பதினெட்டு வயதுப் பெண்ணையும் "வாங்க, போங்க" என்பார். அந்த மரியாதையிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. திட்டுகிறவரிடம் அழலாம், கெஞ்சலாம். இவரிடம் என்ன செய்வது?

பொன்னி கெஞ்சிப் பார்த்தாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். வீட்டில் மரவள்ளி போட்டிருந்தார்கள், பருவத்தில் கடுக்காய் பொறுக்குவார்கள். அவள் நர்சிங் படிப்பை முடித்திருந்தாள். பெங்களூரில் ஒரு மருத்துவமனை எங்கள் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பரீட்சை அன்று அவள் மூன்றைச் சொன்னபோதெல்லாம் அறை முழுக்க முஷ்டிகள்.

"சார், ஊசி போடறதுக்கு மரமும் மூணும் எதுக்கு சார்?"

"நீங்க போன்ல டாக்டர்கிட்ட மூணு மாத்திரைன்னு சொல்றப்ப, அந்தப் பக்கம் அவருக்கு இன்னா கேக்குதுன்னு எனக்குத் தெரியணும்ங்க."

"அவருக்கு மரம்னு கேட்டா மரத்தையா குடுத்துடுவாரு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சார் சிரிக்கவில்லை. "அடுத்த குழுவுல வாங்க" என்றார். அவள் மாலைப் பேருந்தில் மலைக்குப் போனாள். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அடுத்த குழுவில் வந்தாள். மலையில் அத்தனை மாதமும் மரவள்ளிக் காட்டில் நின்று கத்திக்கொண்டே இருந்தாளாம். "எங்க மாட்டுக்கே இப்ப நல்லா புரியுது சார்" என்றாள்.

சார் நாக்கில் இருந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். எங்கள் தொழிலின் கோரம் அது. நாள் முழுக்க முப்பது பேர் அவருடைய நாக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நுனி எங்கே இருக்கிறது, பல்லைத் தொடுகிறதா, மேலண்ணத்தைத் தொடுகிறதா என்று. உலகத்தில் வேறு எந்த மனிதனின் நாக்கையும் இத்தனை பேர் இத்தனை கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நாங்கள் பார்த்தது நுனியைத்தான்.

"சார், உங்க நாக்குல இடப்பக்கமா வெள்ளையா இருக்குதே, இன்னா சார் அது?" என்றாள் பொன்னி.

"ஓரத்தைப் பாக்காதீங்க. நுனியைப் பாருங்க" என்றார் சார்.

கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கீறுகிறது, அவ்வளவுதான் என்று சொன்னார். வெற்றிலை, பாக்கு, பீடி எதையும் தொடாதவர். அதனால் அவரும் பயப்படவில்லை, நாங்களும் பயப்படவில்லை. பொன்னி மட்டும் வாராவாரம் கேட்டாள். தேர்ச்சி பெற்று பெங்களூருக்குப் போகிற அன்றும், சான்றிதழை வாங்கிக்கொண்டு, "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்றாள். அவர் காட்டியபோது புண் குழியாகியிருந்தது. புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

நாக்கில் ஏறக்குறைய பாதியை எடுத்தார்கள். இடது முன்கையிலிருந்து தோலையும் சதையையும் எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். மையத்திலிருந்து நாங்கள் சிலர் போய்ப் பார்த்தபோது கழுத்தில் தையல், கையில் கட்டு, மூக்கில் குழாய். சிலேட்டில் எழுதிக் காட்டினார். "இனிமே எனக்குக் கையாலதான் பேச்சு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் நகைச்சுவை அதுவாக இருக்கலாம். அதை எழுதத்தான் செய்தார், சொல்லவில்லை.

கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, குழாயை எடுத்து, அவர் மறுபடி மையத்துக்கு வந்தபோது ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. தமிழ் பேசினால் புரிந்தது. அதாவது, என்ன சொல்ல வருகிறார் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு கேட்டால் புரிந்தது. இனி இங்கே அவர் பேசியதாக எழுதுகிறவற்றை நான் திருத்தி எழுதுகிறேன். அப்படித் தெளிவாகக் கேட்கவில்லை. எச்சில் வழியும். பேச்சுக்கு நடுவில் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார்.

அறக்கட்டளைச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார் போகணும்னு யாரும் சொல்லல. கிளாஸ் எடுக்க முடியுமான்னுதான் பாக்கணும். ஆபீஸ்ல வேற வேலை இருக்கான்னா, நம்ப ஆபீஸ்ல இன்னா இருக்குது? ஒரு பீரோ" என்றார்.

"எல்லாருக்கும் வைக்கற பரீட்சை எனக்கும் வைங்க. பாஸ் ஆனா இருக்கேன். ஆகலன்னா போறேன்" என்றார் சார்.

"எதுக்கு சார் அதெல்லாம்?"

"வூட்ல போயி இன்னா பண்றது? செவுத்தைப் பாத்துக்கினு உக்காரணும். அதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கினு போறேன்."

மனைவி முன்பே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. தங்கை ஜெபமாலை மட்டும் நைனார்பாளையத்து வீட்டில். அந்த அறை, அந்தச் சுவர், அந்த இரண்டு படங்கள், இவைதான் அவருக்கு மிச்சம். செயலாளர் தலையாட்டினார்.

அதன்பிறகு காலை நேரங்களில், வகுப்புக்கு முன்னால், நான் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். அவர் கற்றுத் தந்த அதே வரிசையில். காலண்டர் தாளைப் பிடித்தேன். தாள் ஆடியது. உதட்டில் பிறக்கிற ஒலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டூசியும் குப்பைத் தொட்டியும் பிழைத்திருந்தன. மின்விசிறியும் வேனும் பிழைத்திருந்தன. நாக்கு நுனி வேண்டிய இடத்தில்தான் எல்லாம் கரைந்தன. ஒட்டிய சதைக்கு உணர்ச்சி கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியில் பார்த்து, அதை ஒரு மாட்டை ஓட்டுவது போலப் பல் இடுக்குக்கு ஓட்டுவார். வந்து சேரும்போது மூச்சு முடிந்திருக்கும். மரம், மூன்று, ஒல்லி, தகரம், எல்லாம் ஒரே ஈரமான சத்தம்.

"பரீட்சைக்கு மின்விசிறி, வேன் ஜோடியை வச்சிக்கலாம் சார்" என்றேன்.

"ம்" என்றார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு தானே மரத்தையும் மூன்று கோடுகளையும் எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

பொன்னி விடுப்பு போட்டு வந்திருந்தாள். அட்டை காட்ட அவள்தான் வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். பெங்களூரில் வேலை நேரத்தில் வளையல் போடக்கூடாதாம். ஊருக்கு வந்த சந்தோஷத்தில் இடது கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மதிப்பெண் போட நான் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். சார் அட்டைகளைக் கலைத்துப் பொன்னியிடம் கொடுத்தார்.

முதல் அட்டை மரம். சார் சொன்னார். எனக்கு என்னவென்றே கேட்கவில்லை. ஆனால் முதுகுகளுக்கு மேலே அத்தனை கையிலும் ஒரு விரல். அடுத்தது மூன்று. சார் சொன்னார். அத்தனை கையிலும் இரண்டு விரல். மறுபடி மூன்று. இரண்டு விரல். மரம். ஒரு விரல். கட்டு முழுக்கத் தீர்ந்தது. ஒரு கைகூட மூடவில்லை. ஒரு விரல்கூடத் தப்பவில்லை.

நான் நம்பினேன். இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்தும் நம்பினேன். என் காதில்தான் ஏதோ கோளாறு, இளைய காதுகளுக்குக் கேட்கிறது என்று நினைத்தேன்.

"அப்புறம் இன்னா சார்? எல்லாக் கையும் சரியா இருக்குது. வர்ற திங்கள்ல இருந்து கிளாஸ் எடுங்க" என்று செயலாளர் எழுந்தே விட்டார்.

சார் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பொன்னி, வளையலைக் கழட்டுங்க."

பொன்னி இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"மூணு காட்றப்ப சத்தம் வருது. மரம் காட்றப்ப வரல. நாக்குலதாம்மா கத்தி வச்சாங்க. காதுல வைக்கல."

முந்தின நாளே வந்து மாடிப்படியில் வைத்து எல்லோரிடமும் பேசியிருக்கிறாள். மிகச் சிறிய சத்தம்தான். பிரித்துக் கேட்கப் பழகிய காதுகளுக்கு மட்டும் கேட்கிற சத்தம். அந்தக் காதுகளைப் பழக்கியவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பதை மறந்துவிட்டார்கள்.

"என் நாக்கு முழுசா இருந்தப்பவே இத்தனை கை ஒண்ணா சரியா எழும்பினது இல்ல. நீங்க ஒரு நாலு பேராவது தப்பா தூக்கியிருக்கலாம்" என்றார் வகுப்பைப் பார்த்து. யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"விடுங்க சார். முடிஞ்சி போச்சி. பெரியவரே சரின்னுட்டாரு" என்றாள் பொன்னி, செயலாளரைக் காட்டி.

"நீங்க ஏம்மா இப்டிப் பண்ணீங்க?"

"அன்னைக்கு எனக்கு இந்த ரூமே கை மூடிச்சி. பஸ்ல மலை ஏறிப் போறப்ப எப்டி இருந்துச்சின்னு எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு அது வேணாம்னுதான்."

"நீங்க திரும்பி வந்தீங்க இல்ல? அதுக்குத்தான் மூடினது."

"என்னால வர முடிஞ்சிது சார். உங்களால முடியாதே." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கீழே லாரியில் மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. செயலாளர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதைப் போட்டுக்கொள்ளவில்லை. சார் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபம் இல்லை. சரியான ஒலியைச் சரியாகச் சொன்ன மாணவியைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"கரெக்டு. அட்டையைக் குடுங்க, கலைக்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ராமலிங்கம், நீங்களும் திரும்பி உக்காருங்க. உங்க காது பழைய காது."

உட்கார்ந்தேன். மரமும் மூன்று கோடுகளும் கண்முன்னால். பின்னால் வளையல்கள் ஒவ்வொன்றாக மேசைமேல் விழும் சத்தம். பிறகு அவர் குரல்.

அதில் மரம் இருக்கிறதா என்று தேடினேன். மூன்று இருக்கிறதா என்று தேடினேன். ஊகித்துவிடலாம், எனக்கு எத்தனையோ நாளாக அந்த வாயைத் தெரியும். ஆனால் ஊகிப்பது வேறு, கேட்பது வேறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த குரல்தான் அது. கையை மூடித் தூக்கினேன்.

இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லாக் கைகளும் மூடியிருந்தன. யாரும் அழவில்லை, யாரும் திரும்பவில்லை. அடுத்த அட்டை. மூடிய கைகள். அடுத்த அட்டை. பொன்னி ஒவ்வோர் அட்டையையும் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள். கட்டு தீரும்வரை நிறுத்தவில்லை. பாதியில் போதும் என்று செயலாளர் சொன்னது எனக்குக் கேட்டது. சாரும் நிறுத்தவில்லை.

முடிந்ததும் எங்களைத் திரும்பச் சொன்னார்.

"யாரும் ஊகிக்கல" என்றார். "நல்லா சொல்லிக் குடுத்திருக்கோம்."

அந்தக் 'கோம்' என்பதில் என்னையும் சேர்த்துக்கொண்டார். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன். அன்று மாலை காலண்டர் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு, பொன்னியின் வளையல்களை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு, படி இறங்கிச் சின்னசேலம் பேருந்தில் ஏறினார். அவருடைய பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பீரோவும் என்னுடையதாயிற்று.

கழுத்தில் மறுபடி வந்தது. மருத்துவமனையில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நைனார்பாளையம் போவேன். பேச்சு முழுதாக நின்றிருந்தது. சிலேட்டில் எழுதத் தெம்பில்லை. வலது பக்கம் ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துத்தான் படுக்க முடிந்தது. மறுபக்கம் படுத்தால் கழுத்து விடாது. அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஆங்கிலச் செய்தித்தாளை வாசிப்பேன். நான் அவசரத்தில் ஓர் ஒலியை விழுங்கினால் இடது கை எழும். மூடிய கை. நான் திரும்பச் சொல்வேன். கை இறங்கும்.

"எங்கிட்டயும் அப்டித்தாங்க. ஒரு விரல்னா ஆமாம், ரெண்டுன்னா இல்ல. கஞ்சி வேணுமா அண்ணான்னு கேட்டா எப்பவும் ரெண்டு" என்றார் ஜெபமாலை.

கடைசியாகப் போனது ஒரு மத்தியானம். அறையில் மருந்து வாடையையும் தாண்டி வேறொரு வாடை வந்துகொண்டிருந்தது. முதுகெலும்பு சட்டைக்கு வெளியே வரிசையாகத் தெரிந்தது. செய்தித்தாளைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பேசியே பிழைத்தவன் நான்.

"அடுத்த மாசம் சென்டருக்கு வந்துடலாம் சார். பசங்க கேட்டுக்கினே இருக்காங்க."

இடது கை எழுந்தது. முன்கையில் சதை எடுத்த குழியும் தழும்பும். விரல்கள் மெல்ல, ஒவ்வொன்றாக மூடின.

விதிப்படி நான் திரும்பச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் வரவில்லை. கை அப்படியே நின்றது. பிடித்து இறக்கிவிடலாமா என்று ஜெபமாலை வாசலிலிருந்து பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"வலி ஜாஸ்தியா இருக்குதா சார்?" என்றேன்.

முஷ்டியிலிருந்து ஒரு விரல் நிமிர்ந்தது.